மரங்களுக்கு மூடாக்கு: முதல்முறை போடுபவர்களுக்கு

தோப்பில் மரத்தடி மண் வெயிலில் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. காட்டில் மரத்தடி மண்ணை எப்போதும் சருகு மூடியிருக்கும். அது மெல்ல மக்கி மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனியாகி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். இப்படி மண்ணைச் சருகால் மூடி வைப்பதுதான் மூடாக்கு. அதைத்தான் நாமும் தோப்பில் செய்யப் போகிறோம்.

1. பொருளைச் சேருங்கள். காய்ந்த இலைதழை, வைக்கோல், மரச்சீவல், துண்டாக்கிய சிறு கிளைகள் எல்லாமே ஆகும். விதை முற்றிய களை, நோய் வந்த மரத்தின் இலை, களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோல் ஆகியவை வேண்டாம். பச்சைப் புல்லை இரண்டு நாள் வாடவிட்டுப் போடுங்கள். அப்படியே குவித்தால் பாய் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றையும் தண்ணீரையும் தடுக்கும்.

2. களையை எடுங்கள். ஆழமாகக் கொத்த வேண்டாம். சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன.

3. நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால், அடுத்து வரும் சிறு தூறலைச் சருகே குடித்துவிடும். சொட்டுக்குழாய் இருந்தால் அது மூடாக்குக்கு அடியில் போகட்டும்.

4. பரப்புங்கள். கன்றைச் சுற்றி 2 அடி வரை போதும். வளர்ந்த மரத்துக்கு உச்சிவெயிலில் நிழல் விழும் ஓரம் வரை போடலாம். கனம் 3 முதல் 4 அங்குலம். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்டை மட்டும் மூடாதீர்கள். கன்றுக்கு நான்கு விரல், பெரிய மரத்துக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஆரம்பத்தில் நான் தண்டைச் சுற்றிக் கோபுரமாகக் குவித்து வைத்தேன். மழைக்காலம் முடிந்து விலக்கிப் பார்த்தால், பட்டை ஊறிப்போய், நகம் பட்டாலே உரிந்து வந்தது. அந்தக் கன்று பிழைக்கவில்லை. ஈரம் தண்டில் நின்றால் பட்டை அழுகும், எலியும் வந்து கடிக்கும்.

5. மண்ணோடு கிளறாதீர்கள். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) சுமார் 80 பங்கு கார்பன் உண்டு. மரத்தூளில் அது 400 வரைகூடப் போகும். இதை மண்ணில் கலந்தால், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். மேலாகக் கிடந்தால் அந்த இழுப்பு மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

அப்புறம், கோடையில் காய்ந்த மூடாக்கில் தீ சட்டென்று பரவும். வரிசைகளுக்கு நடுவே அங்கங்கே வெறும் மண்ணாகப் பாதை விடுங்கள்.

சில மாதம் கழித்து ஒரு கைப்பிடி விலக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம், சருகை மக்கவைப்பதே அதுதான். மண் கறுத்து, உருண்டை உருண்டையாக உதிர்ந்து, முதல் மழை வாசம் அடிக்கும். கனம் 2 அங்குலத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள்.