270ஏ அபராதம் மேல்முறையீட்டில் ரத்தான விதம்

வருமான வரிக் கணக்கில் பெற்றோரின் மெடிக்ளெய்ம் பிரீமியம் ரூ.48,000-ஐ, மருத்துவக் காப்பீட்டுக்கு விலக்கு தரும் 80டி பிரிவில் கழித்திருந்தேன் (இங்குள்ள பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி). ரொக்கமாகக் கட்டியதால் செல்லாது என்றது வரித் துறை. அது சரிதான், 80டி-யில் ரொக்கம் செல்வது முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு மட்டுமே. கூடுதல் வரி ரூ.9,984-ஐ வட்டியோடு கட்டிய பிறகும், வருமானத்தைச் சரியாகக் காட்டாததற்கான 270ஏ பிரிவில் ரூ.19,968 அபராதம் வந்தது. வரியைப் போல இரு மடங்கு.

154-ஆம் பிரிவில் போட்ட திருத்த மனு வீண். பார்த்ததுமே தெரிகிற பிழைக்குத்தான் அது. அபராத விலக்கு கேட்கும் படிவம் 68-க்கும் கெடு போயிருந்தது. மதிப்பீட்டு உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதம்தான்.

வழி அபராத உத்தரவுக்குள்ளேயே இருந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் 50%, பொய்யாகக் காட்டினால்தான் 200%. அந்த 200% போட, 270ஏ(9)-இல் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை எந்த உட்பிரிவு பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். உத்தரவில் ஒரு எழுத்துகூட இல்லை. பலரும் தொகையைப் பார்ப்பார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள். வருமான வரி போர்ட்டலில் மேல்முறையீட்டுக்கான படிவம் 35-ஐ 30 நாளுக்குள் போட்டு, இதையே முதல் காரணமாக வைத்தேன். பிரீமிய ரசீதுகளோடு 270ஏ(6)-இன்படி நேர்மையான விளக்கம் இரண்டாவது. ஒவ்வொரு காரணமும் 100 சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

அபராதம் முழுக்க ரத்து, பெரிய நிம்மதி. மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. தடை கேட்டுத் தனி மனு கொடுக்க வேண்டும், பொதுவாகக் கேட்கும் தொகையில் 20% கட்டச் சொல்வார்கள்.