பாய்மரத்தைப் படுக்க வைத்துவிட்டு: ஹட்சன் ஆற்றிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குக் கால்வாய் வழிப் பயணம்

நியூயார்க் துறைமுகத்திலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குப் பாய்மரப் படகில் போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடல் வழி. நோவா ஸ்கோஷியாவைச் சுற்றிக்கொண்டு போய், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். மற்றொன்று உள்நாட்டு வழி. ஹட்சன் ஆற்றில் வடக்கே போய், டிராய் நகரைத் தாண்டி, ஈரி கால்வாயில் மேற்கே திரும்பி, ஆஸ்விகோ கால்வாய் வழியாக ஏரியில் இறங்கலாம். இரண்டாவது வழியில் இரவுக் காவல் இல்லை, வாந்தி மயக்கமும் இல்லை. மாலையானால் ஏதாவதொரு சிற்றூரின் துறையில் படகைக் கட்டிவிட்டு, நடந்துபோய்ச் சாப்பிட்டு வரலாம். இந்த வசதிக்கு விலை ஒன்றுதான்: பாலங்களுக்கு அடியில் நுழைய, பாய்மரத்தைக் கழற்றிப் படகின்மேல் படுக்க வைக்க வேண்டும்.

எஞ்சின் வைத்த சிறு பாய்மரப் படகை ஓட்டத் தெரிந்து, படகை ஏற்றி இறக்கும் கால்வாய்த் தொட்டியான லாக் ஒன்றுக்குள் இதுவரை நுழைந்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் லாக்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பயத்தின் பெரும்பங்கைப் பாய்மரத்துக்கு ஒதுக்குவதே நியாயம் என்பது என் கருத்து.

முதலில் வழியைப் புரிந்துகொள்ளுங்கள்

லாக் என்பது இரு முனைகளிலும் கதவு வைத்த நீண்ட கான்கிரீட் தொட்டி. கீழ்க்கதவு வழியாக உள்ளே போகிறீர்கள், கதவு மூடுகிறது. மேல்மட்டத்துத் தண்ணீரை அடியிலுள்ள குழாய்கள் வழியே திறந்துவிடுகிறார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயர்கிறது. மேல்கதவு திறந்ததும் வெளியேறுகிறீர்கள். இறங்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். தண்ணீரை ஏற்றுவதற்குப் பம்பு எதுவும் இல்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானாகவே ஓடுகிறது.

ஹட்சன் ஆற்றில் டிராய் வரைக்கும் கடலின் ஏற்றவற்றம் தெரியும். அங்கிருந்து மோஹாக் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, ரோம் என்ற ஊருக்கருகில் கடல்மட்டத்திலிருந்து 420 அடி உயரத்தை எட்டுவீர்கள். பிறகு ஒனைடா ஏரிக்கு இறங்கி, திரீ ரிவர்ஸ் சந்திப்பில் வடக்கே திரும்பி, ஆஸ்விகோ கால்வாயின் ஏழு லாக்குகளில் 118 அடி இறங்கினால் ஒன்டாரியோ ஏரி. மொத்தம் 30 லாக்குகள், சுமார் 300 கிலோமீட்டர். அவசரப்படாமல் போனால் ஒரு வாரம்.

1825-இல் திறக்கப்பட்ட பழைய ஈரி கால்வாய் மண்ணில் வெட்டிய வாய்க்கால். கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. 1918-இல் முடிந்த இன்றைய கால்வாய் அப்படியல்ல, நீங்கள் போகும் வழியின் பெரும்பகுதி மோஹாக் ஆறேதான். இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பெருமழை பெய்தால் ஆறு பெருகும். மரக்கட்டைகள் மிதந்து வரும், லாக்குகளை மூடுவார்கள். பருவம் பொதுவாக மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. முதல்முறை போகிறவர்கள் ஜூன் பாதிக்குமேல் கிளம்புங்கள். வசந்தகால வெள்ளம் வடிந்திருக்கும். திறக்கும் நேரம், கட்டணம், மூடல்கள் எல்லாவற்றையும் நியூயார்க் மாநிலக் கால்வாய் நிறுவனத்தின் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்ன போன வருடத் தகவலை நம்பிப் போகாதீர்கள்.

பாய்மரத்தை இறக்குவது

ஆஸ்விகோ வரையிலான வழியில் பாலங்களின் கீழ் இருக்கும் உயரம் ஏறக்குறைய 20 அடி. திரீ ரிவர்ஸில் திரும்பாமல் நேரே பஃபலோ பக்கம் போனால் பதினைந்தரை அடிதான். முப்பது அடிப் படகின் பாய்மரம் தண்ணீரிலிருந்து நாற்பது அடிக்குக் குறையாமல் நிற்கும். ஆகவே பேரம் பேச இடமில்லை. கேட்ஸ்கில், கேஸல்ட்டன் போன்ற ஹட்சன் கரை ஊர்களில் இதற்கான கிரேன்கள் உண்டு. முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத காலை நேரம் நல்லது.

கிரேன் அருகே போவதற்கு முந்தைய நாளே செய்ய வேண்டியவை நிறைய. பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வையுங்கள். பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கழியான பூமைக் கழற்றிப் பக்கவாட்டில் கட்டுங்கள். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளை முடுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்கள் எத்தனை மரை ஏறியிருக்கின்றன என்பதை நாடா ஒட்டிக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப நிறுத்தும்போது இந்தப் படங்கள் பாதி நாளை மிச்சப்படுத்தும். இறுகிப்போன டர்ன்பக்கிள்களுக்கு எண்ணெய் விட்டு, ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கிரேனில் பாய்மரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கம்பியைப் பிணைக்கும் ஒரு முளை கழலவில்லை என்றால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாய்மர அடியில் உள்ள மின்கம்பிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு கட்டுங்கள்.

பலரும் மறப்பது இதை: ரேடியோவின் ஆன்டெனா பாய்மர உச்சியில் இருக்கிறது. மரம் படுத்தால் படகின் வி.எச்.எஃப். ரேடியோவும் படுத்துவிடும். கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். லாக் ஊழியர்களுடன் பேச அதுதான் வழி.

படுத்த மரத்தைத் தாங்க மரத்தாங்கிகள் வேண்டும். முன்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்பகுதியில் ஒன்று. கட்டடப் பலகைகளை இங்கிலீஷ் எக்ஸ் எழுத்துபோல் குறுக்கே வைத்து, ஆணி அடிக்காமல் போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆணி, படகு ஆட ஆடக் கழன்றுவிடும். உயரத்தைத் தீர்மானிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள்: சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் பார்வை மறையக் கூடாது, முன்பகுதிக்கு ஓடுகிறவர் மரத்தில் தலையை இடித்துக்கொள்ளக் கூடாது. தாங்கிகளைப் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்டுங்கள். வேகமாகப் போகும் மோட்டார் படகு ஒன்று எழுப்பும் அலை போதும், சரியாகக் கட்டாத மரம் சரிந்துவிடும்.

மரம் படகைவிட நீளமாதலால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல்தான் லாக்கில் சுவரை முதலில் முட்டப் போகிறது. இரு முனைகளிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். முனையைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சு வைத்துச் சுற்றுங்கள். உச்சியில் இருக்கும் விளக்கையும் காற்றுமானியையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவது உத்தமம்.

கயிறும் மெத்தையும்

இரு பக்கமும் ஃபெண்டர்கள், அதாவது சுவரில் மோதாமல் காக்கும் மெத்தைகள், தொங்கட்டும். எந்தச் சுவரோரம் நிற்கச் சொல்வார்கள் என்பது அங்கே போனால்தான் தெரியும். லாக் சுவர்கள் சொரசொரப்பானவை, பாசி பிடித்தவை. காற்றடைத்த வெள்ளை ஃபெண்டர்கள் ஒரு வாரத்தில் கறுத்துத் தேய்ந்துவிடும். இரண்டு ஃபெண்டர்களுக்கு வெளியே ஒரு நீளப் பலகையைத் தொங்கவிட்டால் சுவரின் தேய்ப்பைப் பலகை வாங்கிக்கொள்ளும். பழைய உடை, ரப்பர் உள்ளங்கை வைத்த கையுறை, நீண்ட கொக்கிக் கழி ஒன்றோ இரண்டோ. மிதவைச் சட்டையைக் கழற்றவே வேண்டாம். வழுக்கும் சுவருக்கும் படகுக்கும் இடையில் விழுந்தவரை மேலே தூக்குவது கடினம்.

முதல் லாக்

டிராயில் இருப்பது கூட்டரசு லாக், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பராமரிப்பில் உள்ளது. ஏற்றம் 14 அடிதான். பழகிக்கொள்ள நல்ல இடம்.

சற்றுத் தொலைவில் இருக்கும்போதே ரேடியோவில் 13-ஆம் சேனலில் அழையுங்கள். லாக்கின் பெயர், எந்தத் திசையில் போகிறீர்கள், என்ன படகு என்று மூன்றையும் சொன்னால் போதும். பதில் இல்லாவிட்டால் ஹாரனை மூன்று முறை ஒலியுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் விலகி நின்று காத்திருங்கள். லாக் காலியாகிக்கொண்டிருந்தால் வாசலில் நீர் கொப்பளிக்கும், கிட்டே போகாதீர்கள். பச்சை வந்தபின் நடை வேகத்தில் நுழையுங்கள்.

தேர்வு உங்கள் கையில் விட்டால், எஞ்சினை ரிவர்ஸில் போடும்போது படகின் பின்பகுதி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தும் முயற்சியே உங்களைச் சுவரோடு சேர்த்துவிடும்.

சுவரில் சில இடங்களில் செங்குத்தான குழாயோ இரும்புக் கம்பியோ பதித்திருப்பார்கள். சில இடங்களில் மேலிருந்து கயிறுகள் தொங்கும். குழாயானால், படகின் நடுவிலிருந்து ஒரு கயிற்றைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து முனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏற வளையம் குழாயில் வழுக்கி உயரும். தொங்கும் கயிறானால் முன்னே ஒருவர், பின்னே ஒருவர் பிடிக்க வேண்டும். பின்பக்கத்தவர் முதலில் பிடிக்கட்டும். முன்கயிற்றை மட்டும் பிடித்தால் படகு ஓடிய வேகத்தில் பின்பகுதி அகன்று போய், மரத்தின் நீட்டல் சுவரில் இடிக்கும்.

இனி ஒரே ஒரு கட்டளை. லாக்குக்குள் கயிற்றைப் படகில் முடிபோட்டுக் கட்டாதீர்கள். ஏறும்போது கட்டினால் படகின் ஒரு பக்கம் தண்ணீருக்குள் இழுபடும். இறங்கும்போது கட்டினால் படகு கயிற்றில் தொங்கும், பிறகு படகில் கயிறு கட்டும் கொம்பு பிய்ந்துகொண்டு பறக்கும். கொம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்து, விட்டும் இழுத்தும் கொடுத்துக்கொண்டிருங்கள். கையில் சுற்றிக்கொள்வதும் கூடாது. கயிறு சிக்கினால் அறுப்பதற்கு ஒரு கத்தி எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

படகு நிலைகொண்டதும் எஞ்சினை நிறுத்திவிடலாம். ஆழமான தொட்டியில் புகை தேங்கும். நிறுத்தினால் ஊழியர் சொல்வதும் காதில் விழும். ஏறும்போதுதான் நீர் சுழன்று படகை அலைக்கழிக்கும். இறங்குவது குளியல் தொட்டியில் நீர் வடிவதுபோல அமைதியாக நடக்கும். கதவு முழுதாகத் திறந்தபின், முன்னால் இருக்கும் படகு போனபிறகு, மெதுவாகக் கிளம்புங்கள்.

வாட்டர்ஃபோர்ட் ஏணி

டிராய்க்குச் சற்று வடக்கே வாட்டர்ஃபோர்ட். அங்கே 2 முதல் 6 வரை எண்ணிட்ட ஐந்து லாக்குகள், ஒன்றரை மைல் தூரத்தில் 169 அடி ஏற்றம். பனாமா கால்வாய் கப்பலைத் தூக்குவது 85 அடி. ஏறத் தொடங்கினால் ஐந்தையும் முடித்துத்தான் நிற்க முடியும், ஆகவே ஒன்றரை இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். முந்தைய மாலை வாட்டர்ஃபோர்ட் துறையில் தங்கி, காலையில் முதல் ஆளாகப் புறப்படுங்கள். சாப்பாடு, கழிப்பறை எல்லாம் முடித்துவிட்டு ஏறுங்கள். நடுவில் கயிற்றை விட்டுவிட்டு யாரும் உள்ளே போக முடியாது.

அதன்பிறகு மோஹாக் ஆறு. பல லாக்குகளின் பக்கத்திலேயே அணை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சில அணைகள் பாலம் போலவே தெரியும். எந்தப் பக்கம் லாக், எந்தப் பக்கம் அணை என்று வரைபடத்தில் பார்த்த பின்பே நெருங்குங்கள். வளைவுகளில் குறுக்கே வெட்டிப் போகாதீர்கள். மிதவைகள் காட்டும் தடத்துக்கு வெளியே ஆழம் குறைவு, உங்கள் அடிக்கட்டைக்கு அது பிடிக்காது. எஞ்சினின் குளிர்நீர் வடிகட்டியைத் தினமும் திறந்து இலைதழைகளை எடுங்கள். குளிர்நீர்ப் பம்பின் சுழலியான இம்பெல்லர் ஒன்றை மாற்றுக்கு எடுத்துப் போயிருந்தால் நிம்மதி.

லிட்டில் ஃபால்ஸ் ஊரில் 17-ஆம் லாக் நாற்பதரை அடி உயர்த்துகிறது. அதன் கீழ்க்கதவு பக்கவாட்டில் திறப்பதில்லை, மேலே தூக்கப்படுகிறது. அதன் கீழே போகும்போது தண்ணீர் சொட்டும். கேமராவை மூடிக்கொள்ளுங்கள், மேலே பார்க்க மறக்காதீர்கள். இந்த வழியில் எனக்குப் பிடித்த லாக் இதுதான்.

ஒனைடா ஏரி

கால்வாயை முடித்துவிட்டோம் என்று நினைக்கும் இடத்தில் இந்த ஏரி வருகிறது. 20 மைலுக்கு மேல் நீளம், ஆழம் குறைவு. மேற்குக் காற்று வீசினால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும், அவை நேரே உங்கள் முகத்தில். பாய்மரம் நிற்காத படகு அலையில் நிதானமாகச் சாயாது, வெடுக் வெடுக்கென்று ஆடும். உயரத்தில் இருந்த கனம் கீழே வந்துவிட்டதால் அப்படி. சில்வன் பீச்சில் இரவு தங்கி, தாங்கிகளின் கட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, விடியலில் காற்று எழுமுன் கடந்துவிடுங்கள். காற்று முன்பே எழுந்துவிட்டால் இன்னொரு நாள் தங்குங்கள்.

ஆஸ்விகோவில் மரத்தை நிறுத்துவது

ப்ரூவர்ட்டனைத் தாண்டி 23-ஆம் லாக், பிறகு திரீ ரிவர்ஸ், அங்கிருந்து ஏழு லாக்குகளும் இறக்கம். இதற்குள் கயிற்றைக் கொடுக்கும் லாகவம் கைக்கு வந்திருக்கும். ஆஸ்விகோ லாக்குகளின் எண்கள் ஒன்று முதல் எட்டு வரை போகும், ஆனால் நான்கு என்று ஒன்று கிடையாது, தேடாதீர்கள்.

கடைசி லாக்குக்கு அப்பால், துறைமுகத்துக்குள்ளேயே கிரேன் உள்ள படகுத்துறைக்குச் செல்லுங்கள். பெரிய ஏரியில் மரத்தைப் படுக்க வைத்துக்கொண்டு போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் எடுத்த படங்களை வைத்து டர்ன்பக்கிள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மின்கம்பிகளை இணைத்து, மரம் கிரேனில் இருக்கும்போதே உச்சி விளக்கையும் ரேடியோவையும் சோதியுங்கள். நிறுத்தியபின் கோளாறு தெரிந்தால் யாராவது ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். தாங்கிப் பலகைகளை இறக்கிவிட்டு, மெல்லிய காற்றுள்ள ஒரு நாளில் சிறிய பாயோடு துறைக்கு வெளியே ஒரு சுற்று ஓடுங்கள். கம்பிகள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். திரும்பி வந்து இன்னொருமுறை முடுக்கி, முளைகளுக்குப் பூட்டு ஊசி போட்டுவிட்டு ஏரிக்குப் புறப்படுங்கள்.