சைக்கிள் லைட்: மாட்டிய பிறகும் நடக்கும் தவறுகள்

விடியற்காலை இருட்டில் புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகக் காலாப்பட்டு பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் இப்போது நிறைய. லைட் இல்லாமல் வருகிறவர் குறைவு. ஆனால் மாட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தால், இல்லாமலே வந்திருக்கலாம் என்று சில நேரம் தோன்றும். சார்ஜ் போட மறப்பது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன் லைட்டை நேராக நீட்டி வைப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது.

லைட்டைப் பெரும்பாலும் வீட்டு வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் மாட்டுகிறார்கள். அங்கே சைக்கிள் லைட் தரையில் விழுவதே தெரியாது. ‘இவ்வளவு காசு கொடுத்தும் ஒன்றும் தெரியலையே’ என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குவார்கள். அப்படியே ஊரைத் தாண்டி விளக்கில்லாத இடம் வந்ததும், அது எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராக நிற்கும்.

பைக்கில் டிம் டிப் உண்டு. டிம்மில் போட்டால் ஒளி மேலே ஏறாது. கடையில் கிடைக்கும் சைக்கிள் லைட்டுகளில் பெரும்பாலானவை டார்ச் மாதிரி வட்டமாக அடிப்பவை. நேராக வைத்தால் பாதி ஒளி சாலைக்கு, மீதி பாதி எதிராளியின் முகத்துக்கு. 800 லூமென் லைட் என்றால் கேட்கவே வேண்டாம்.

எதிரே பைக்கில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறார். கண் கூசினால் பார்வை திரும்பச் சில நொடிகள் ஆகும். அதுவரை அவர் ஓட்டுவது குத்துமதிப்பாகத்தான். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் அவர் இடப்பக்கம் ஒதுங்கினால் ஓரத்தில் நடந்து போகிறவர் மேல், வலப்பக்கம் விலகினால் உங்கள் மேல். கடுப்பில் அவரும் ஹை பீம் போட்டுவிட்டால் இரண்டு பேருக்குமே பள்ளம் தெரியாது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட்டின் உயரத்தை அளங்கள். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தால் 90 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும். அதில் பாதி உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒளியின் நடுப்புள்ளி அந்தக் கோட்டில் விழ வேண்டும். அப்படியென்றால் சாலையில் 10 மீட்டர் முன்னால் விழும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இது போதும். இன்னும் வேகமாகப் போகிறவர்கள் கோட்டை மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் போடலாம், 15 மீட்டர் கிடைக்கும். அதற்கு மேல் தூக்க வேண்டாம்.

வட்ட லைட்டில் இதற்குப் பிறகும் கொஞ்சம் ஒளி மேலே சிதறும். கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மடித்து, இரண்டு சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி கூரை போல ஒட்டினால் குறையும். தெருவிளக்கு உள்ள இடத்தில் லோ மோடே போதும்.

ரப்பர் ஸ்ட்ராப் லைட்டுகள் நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் திரும்பிவிடும். ஸ்ட்ராப்புக்கு அடியில் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தால் வழுக்காது. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

முன் லைட்டை மின்னவிடுவது

பகலில் சரி. இருட்டில் மின்னும் வெள்ளை விளக்கை வைத்து எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று யாராலும் கணிக்க முடியாது. உங்களுக்கும் சாலை விட்டுவிட்டுத்தான் தெரியும்.

ஹெல்மெட்டில் லைட்

யாரிடம் பேசத் திரும்பினாலும் அவர் கண்ணில்தான் அடிக்கும். பஞ்சர் ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் லைட்டை மறைப்பது

சீட்டுக்குக் கீழே மாட்டிவிட்டு, அதன்மேல் மழைக் கோட்டின் வால் தொங்கும். கேரியரில் ஒரு பை வைத்தால் முழுசாக மறைந்தே போகும். கேரியரின் பின் விளிம்பிலோ, பின் சக்கரத்துக்கு வலப்பக்கக் கம்பியிலோ மாட்டுங்கள். நம்மைத் தாண்டுகிற வண்டிகள் அந்தப் பக்கமாகத்தான் வரும். தரையைப் பார்க்காமல் நேராகப் பின்னால் பார்க்கட்டும். சுமையோடு சைக்கிளை நிறுத்தி, முப்பது அடி பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். கூட்டமாகப் போகும்போது மட்டும் பின் லைட்டை லோவில், மின்னாமல் வையுங்கள். பின்னால் வருகிறவருக்கும் கண் இருக்கிறது.

உப்புக் காற்று

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் தினம் ஓட்டுகிறவர்கள் சார்ஜ் போர்ட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால், ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் போன பிறகே சார்ஜ் போடுங்கள். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் மழைச் சாரலைத் தாங்கும், அவ்வளவுதான்; ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீரில் விழுந்தால் தாங்காது.

டைனமோ சைக்கிள்

பழைய சைக்கிளில் இன்னும் டைனமோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 6 வோல்ட், 3 வாட் டைனமோவில் முன் பல்ப் 2.4 வாட், பின் பல்ப் 0.6 வாட். முன் பல்ப் போனால் அத்தனை மின்சாரமும் சின்னப் பின் பல்ப்புக்குப் போய் அதையும் எரித்துவிடும். நாம் முன்னால் இருட்டானதை மட்டும் கவனித்து ஒரு பல்ப் மாற்றிக்கொண்டு போவோம். பின்னால் சிவப்பு இல்லாதது தெரியாது. பல்ப் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். சக்கரம் நின்றால் டைனமோவும் அணைந்துவிடும், அதனால் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் இருக்க வேண்டும்.