பவரை ஏற்றுவதற்கு முன்: கஸ்டம் ஃபர்ம்வேர் ரவுட்டரில் சிக்னல் குறைந்தால் செய்யக்கூடாதவை

ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, ஓப்பன்-டபிள்யூஆர்டியோ டிடி-டபிள்யூஆர்டியோ போன்ற கஸ்டம் ஃபர்ம்வேர் ஏற்றி முடித்த கையோடு பலரும் தேடிப் போகும் முதல் இடம், ரவுட்டர் எவ்வளவு வலிமையாக அனுப்ப வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்மிட் பவர் கட்டம். கம்பெனி கொடுத்த ஃபர்ம்வேரில் 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று மூன்று தேர்வுகள் இருந்தாலே பெரிது. இங்கே எண்ணையே போடலாம். பழைய டிடி-டபிள்யூஆர்டி அந்தக் கட்டத்தில் 251 மில்லிவாட் வரை ஏற்றுக்கொண்டது. அப்புறம் கை சும்மா இருக்குமா? நானும் 251 போட்டுப் பார்த்தவன்தான். போனில் சிக்னல் கோடு ஒன்று கூடியது, வேகம் இறங்கியது.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 70 மில்லிவாட்டிலிருந்து 251க்குப் போவது மூன்றரை மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும் டெசிபலில் அது ஐந்தரைதான். தடையே இல்லாத வெட்டவெளியில்கூட தூரம் இரட்டிப்பாக 6 டெசிபல் வேண்டும். நடுவில் ஒரு கான்கிரீட் சுவர் இருந்தால் அந்த ஐந்தரையை அதுவே விழுங்கிவிடும். இது போதாதென்று, ரவுட்டருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரை அதன் அளவுக்கு மேல் தள்ளினால் அலையைச் சிதைத்து அனுப்பும். சத்தத்தைக் கடைசி வரை திருகிய ஸ்பீக்கர் கரகரப்பது போலத்தான். அதிவேக மாடுலேஷன்களுக்கு, அதாவது அலையில் தகவலை நெருக்கமாக ஏற்றும் முறைகளுக்கு, சுத்தமான அலை தேவை. அது கிடைக்காதபோது ரவுட்டர் தானாகவே மெதுவான வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வானொலி நிலையம் பேசினால் போதும், கேட்பவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. வைஃபையில் போன் ஒவ்வொரு முறையும் 'வந்து சேர்ந்தது' என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும். ஓப்பன்-டபிள்யூஆர்டியை பிரவுசரில் திறந்து செட்டிங் மாற்றும் லூசி பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் நேராகத் தெரியும் சிக்னல் எண், அந்தக் கருவியின் குரல் ரவுட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்பதைக் காட்டுவது. லேப்டாப்பில் வைஃபை விவரத்தைத் திறந்தால் தெரிவது இதற்கு நேர் எதிர்த்திசை.

ஓர் உதாரணம். லேப்டாப் சொல்கிறது: ரவுட்டரின் குரல் எனக்கு −68 டிபிஎம்மில் கேட்கிறது (டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்). ரவுட்டர் சொல்கிறது: லேப்டாப் −80 டிபிஎம். ரவுட்டரின் பவரை இரட்டிப்பாக்கினால், அதாவது 3 டெசிபல் ஏற்றினால், முதல் எண் −65 ஆகும். இரண்டாவது −80லேயே நிற்கும். அறுந்துகொண்டிருந்தது இரண்டாவது பக்கம், நாம் தூக்கிவிட்டது முதல் பக்கம். போன், லேப்டாப் எல்லாம் ரவுட்டரை விடக் குறைந்த பவரில் அனுப்புவதால் இரண்டு எண்களுக்கும் நடுவே பத்து டெசிபல் அளவுக்கு இடைவெளி இருப்பது சகஜம். இருபதுக்கும் மேல் போனால் ரவுட்டரின் காது மந்தம் என்று சந்தேகப்படலாம். ஆண்டெனாவைச் சரிசெய்தால், இடத்தை மாற்றினால், இரைச்சலைக் குறைத்தால் அந்த இரண்டாவது எண்ணுக்கும் பலன் கிடைக்கும். பவர் கட்டத்தால் கிடைக்காது.

கோட்டை எண்ணுவதும் ஒரு தவறு

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு கணக்கில் வரைகிறார்கள். டிபிஎம் எண்ணைப் பாருங்கள், அதோடு சேர்த்து இரைச்சல் எண்ணையும் பாருங்கள். சிக்னல் −70, இரைச்சல் −95 என்றால் நடுவே 25 டெசிபல் இருக்கிறது, தாராளம். அதே −70க்கு இரைச்சல் −80 என்றால் மிஞ்சுவது பத்து. இரண்டு இடத்திலும் 'சிக்னல் ஒன்றுதான்', ஆனால் ஒன்றில் வீடியோ ஓடும், மற்றதில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேகம் குறைந்ததை எல்லாம் சிக்னல் கணக்கில் எழுதுவதும் நடக்கிறது. முதலில் கேபிள் போட்டு சோதியுங்கள். கேபிளிலும் மெதுவென்றால் ரேடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை, ரவுட்டரின் சிபியுவோ வெளியிலிருந்து வரும் இணைப்போதான் திணறுகிறது. வைஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? பாதுகாப்புப் பகுதியில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை தேர்வாகியிருக்கும், இல்லை எந்தத் தகவலுக்கு முன்னுரிமை என்று பார்க்கும் டபிள்யூஎம்எம் வசதி அணைந்திருக்கும். 802.11n என்ற வைஃபை தரமும் அதற்குப் பின் வந்தவையும் இவை சரியாக இருந்தால்தான் முழு வேகத்தில் ஓடும். ஏஇஎஸ் என்ற புதிய குறியாக்கத்துக்கு மாற்றி, டபிள்யூஎம்எம்மை இயக்கினால் விஷயம் முடிந்தது.

நாட்டுக் குறியீடு

ஓப்பன்-டபிள்யூஆர்டி ஏற்றியதும் நாட்டுக் குறியீட்டைத் தொடாமல் விடுபவர்கள் ஏராளம். அப்படி விட்டால் பல கருவிகள் '00' என்ற உலகப் பொதுக் குறியீட்டில் ஓடும். எந்த நாட்டு விதியையும் மீறாமல் இருப்பதற்காக வைத்த குறியீடு அது. ஆகவே 5 ஜிகாஹெர்ட்ஸின் பல சேனல்களில் கேட்க மட்டும் அனுமதிக்கும், முதலில் பேச விடாது. பவரையும் கையைக் கட்டியே வைத்திருக்கும். இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்துச் சேமித்ததுமே சிக்னல் நிமிர்ந்த கதைகள் நிறைய உண்டு.

இதற்கு நேர்மாறான தவறு, அதிக பவர் அனுமதிக்கும் ஏதோ ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். ரவுட்டர் ஒரு நாட்டில், போன் இன்னொரு நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், ரவுட்டர் போய் உட்காரும் சேனல் போனின் கண்ணுக்கே படாமல் போகலாம். உதாரணத்துக்கு 13ஆம் சேனல். பல நாடுகளில் அது உண்டு, அமெரிக்கக் கருவிகள் வழக்கமாக 11க்கு மேல் தேடுவதே இல்லை.

பவர் வரம்பு சேனலுக்குச் சேனல் மாறும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பிய விதிகளில் 36 முதல் 48 வரை 200 மில்லிவாட்தான், 100 முதல் 140 வரை 1 வாட் வரை போகலாம். ஆனால் அந்த மேல் சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் ரவுட்டர் ஒளிபரப்பத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். வானிலை ரேடார் இருக்கும் 120 முதல் 128 வரையிலான சேனல்களில் ஐரோப்பாவில் அது 10 நிமிடம். இது தெரியாமல் '5 ஜிகாஹெர்ட்ஸ் வரவே இல்லை' என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டால், ஒவ்வொரு முறையும் அந்த 10 நிமிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் தென்பட்டால் அந்தச் சேனலைவிட்டு 30 நிமிடம் விலகியும் இருக்க வேண்டும்.

பேரைப் பார்த்து ஏமாற வைக்கும் கட்டங்கள்

'ஆண்டெனா கெயின்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 9 போட்டால் சிக்னல் 9 டெசிபல் கூடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது தலைகீழ். 'என் ஆண்டெனா ஏற்கெனவே இவ்வளவு கூட்டுகிறது' என்று நீங்கள் ஃபர்ம்வேரிடம் சொல்கிறீர்கள். மொத்தம் சட்ட வரம்பைத் தாண்டக்கூடாதே என்று அது பவரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். ஆசைப்பட்டு எண் போட்டுத் தன் ரவுட்டரின் வாயைத் தானே பொத்தியவர்கள் உண்டு. தெரியாவிட்டால் சும்மா விடுவதே மேல்.

தூரத்தைக் குறிக்கும் கட்டமும் அப்படித்தான். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும் இணைப்புகளில் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லத்தான் அது. வீட்டுக்குள் அதில் பெரிய எண் போட்டால் எட்டும் தூரம் கூடாது, வீண் காத்திருப்புதான் கூடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அகலம் இரட்டித்தால் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் கூடும். அக்கம்பக்கத்துச் சேனல்களில் இருப்பவர்களும் சேர்ந்து நுழைவார்கள். 1, 6, 11 சேனல்களில் ஒன்று, அகலம் 20, அவ்வளவுதான்.

ரவுட்டரின் முதுகில் தொங்கும் வட்டு

நான் ஒரு வாரத்தை வீணாக்கியது இதில்தான். புது ஃபர்ம்வேர் ஏற்றியதும் யுஎஸ்பி வசதியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசையில், 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்றை ரவுட்டரில் செருகி வைத்தேன். மறுநாளிலிருந்து அடுத்த அறையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தள்ளாடியது. பழி ஃபர்ம்வேர் மேல். பழைய பதிப்புக்குத் திரும்பினேன், வேறு டிரைவர் போட்டேன், சேனல் மாற்றினேன். கடைசியில் வேறெதற்கோ வட்டைக் கழற்றினேன், லூசியில் இரைச்சல் எண் கண்ணெதிரே சரசரவென்று இறங்கியது. செருகினால் ஏறியது, கழற்றினால் இறங்கியது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அகன்ற இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012லேயே ஆவணம் வெளியிட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. உறை நன்றாக உள்ள கேபிளை மாற்றி, வட்டை ஆண்டெனாவிலிருந்து தள்ளி வைத்தேன். போர்ட்டை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறக்கும் வழி இருந்தால் அதையும் செய்யலாம்.

அழிந்தால் திரும்பாத பகுதி

மேலே சொன்ன தவறுகளை எல்லாம் திருத்திவிடலாம். இதைத் திருத்துவது கடினம். ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில், ஃபர்ம்வேர் இருக்கும் இடத்துக்குத் தள்ளி ஒரு சிறு பகுதி இருக்கும். ஆதெரோஸ் சிப் கொண்ட கருவிகளில் அதன் பெயர் பொதுவாக 'ஏஆர்டி', மீடியாடெக் கருவிகளில் 'ஃபேக்டரி'. அந்த ஒரு ரவுட்டரின் ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து, எந்தச் சேனலில் எவ்வளவு பவர், எவ்வளவு திருத்தம் என்று எழுதி வைத்த கேலிப்ரேஷன் விவரம் அதில்தான் இருக்கிறது. பல கருவிகளில் அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியும் அங்கேதான். ஒரே மாடலில் இரண்டு ரவுட்டர் வாங்கினாலும் இரண்டிலும் இந்த விவரம் வேறு வேறு.

செங்கல்லாகிப் போன, அதாவது இயங்காமல் முடங்கிய, ரவுட்டரைப் பிழைக்க வைக்க முழு ஃபிளாஷையும் அழித்துவிட்டு, இன்னொருவர் கொடுத்த முழு நகலை அப்படியே எழுதுகிறார்கள். ரவுட்டர் எழுந்து உட்காரும், வைஃபையும் வரும். ஆனால் அது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பது போன்ற நிலை: சிக்னல் ஏனோ தானோ என்று இருக்கும். ஆகவே ஃபர்ம்வேர் ஏற்றிய முதல் நாளே அந்தப் பகுதியை பேக்கப் எடுத்து, ரவுட்டருக்கு வெளியே வைத்துவிடுங்கள். லூசியின் பேக்கப் பக்கத்திலேயே ஃபிளாஷின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது.

சிப்பைப் பார்க்காமல் ஃபர்ம்வேர் ஏற்றுவதும் ஏறக்குறைய இதே ரகம்தான். பிராட்காம் சிப் உள்ள பல ரவுட்டர்களில் ஓப்பன்-டபிள்யூஆர்டி எழும், வைஃபை மட்டும் அரைகுறையாக இருக்கும், திறந்த மூல டிரைவர் சரியாக இல்லாததால். அங்கே எவ்வளவு செட்டிங் மாற்றினாலும் நேரம்தான் போகும். டிடி-டபிள்யூஆர்டி, ஃபிரெஷ்டொமேட்டோ போன்றவை ஆதரிக்கும் மாடலாக இருந்தால் அவற்றைப் பாருங்கள்.

ஆண்டெனா

நேராக நிற்கும் ஆண்டெனா பக்கவாட்டில்தான் அலையைப் பரப்பும், தலைக்கு மேலும் காலடியிலும் குறைவு. ஆகவே மாடி அறைக்காக ஆண்டெனாவை மாடியை நோக்கி நீட்டுவது பயன் தராது. மாற்று ஆண்டெனா வாங்கும்போது எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை இணைப்புகளின் வித்தியாசத்தைக் கவனியுங்கள். திருகு இரண்டிலும் ஒன்றாகப் பொருந்திவிடும், ஆனால் நடுவே ஊசியும் துளையும் இடம் மாறியிருப்பதால் தொடர்பே ஏற்படாது.

கட்டளை வரியில் இணைந்த கருவிகளின் விவரத்தை எடுத்தால், பல டிரைவர்களில் சிக்னல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டெனாவின் எண்ணும் தனித்தனியாக வரும். −59, அடைப்புக்குறிக்குள் −59, −80 என்று வந்தால் இரண்டாவது ஆண்டெனா வேலை செய்யவில்லை என்று பொருள். போனைத் திருப்பி வைத்தும் அதே 20 டெசிபல் வித்தியாசம் மாறவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்து, பலகையில் அழுத்தி மாட்டியிருக்கும் அந்தக் குண்டூசித் தலை அளவு இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அது கழன்று கிடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லையென்றால், கம்பெனி ஃபர்ம்வேரை ஒரு தடவை திரும்ப ஏற்றி, அதே இடம், அதே சேனல், அதே போன் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கஸ்டம் ஃபர்ம்வேருக்கு வரும்போது பழைய செட்டிங் பேக்கப்பை மேலே ஊற்றாதீர்கள், கையாலேயே புதிதாகப் போடுங்கள். இரண்டு ஃபர்ம்வேரிலும் −80தான் வருகிறதென்றால் தடுப்பது சுவர். அந்த அறைக்கு ஒரு கேபிளை இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே அக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபையைப் பரப்ப மட்டும், வையுங்கள். கேபிள் இல்லாமல் அதையே, வாங்கிய சிக்னலை அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ஒற்றை ரேடியோ ரிப்பீட்டராக்கினால் சிக்னல் கோடு நிறையும், வேகம் பாதியாகும்.