உரிமம் வந்தது, விமானம் வரவில்லை: டிக்கெட் ஏஜெண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் புதிதாக டிக்கெட் கடை திறந்த பையன் ஒருவன், ஒரு விமான நிறுவனத்துக்கு வளைகுடா வழித்தட உரிமம் கிடைத்த செய்தியை வெட்டிக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தான். கீழே ஸ்கெட்ச் பேனாவில் ‘முன்பதிவு நடைபெறுகிறது’. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஒட்டிய அதே காகிதம். பாஸ்போர்ட்டில் பெயர்ப் பிழை, விசா தேதி எல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நாட்டு உரிமத்தை நம்பிப் பணம் வாங்குவது

நாடுகளுக்கிடையே விமானம் விடுவதற்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவுப்படி, இறங்கும் நாடும் அனுமதித்தால்தான் அட்டவணைப்படி பறக்கும் விமானம் போக முடியும். அனுப்பும் அரசு நிறுவனத்தை நியமிக்க வேண்டும். அந்தப் பக்கத்து அரசு ஏற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஓர் அமைச்சர் இருப்பார், காப்பாற்ற வேண்டிய சொந்த நிறுவனமும் இருக்கும்.

இது தெரியாமல் மேல்விஷாரத்தில் 14 பேரிடம் முன்பணம் வாங்கினேன். அந்தப் பக்கத்து வளைகுடா அரசு, தங்கள் விமானங்களுக்குச் சென்னையில் கூடுதல் இருக்கை கேட்டு இழுத்தது. சென்னை மொத்த ஏஜெண்ட் மாதாமாதம் ‘அடுத்த மாதம்’ என்றார். ஒரு பெரியவர் தினமும் காலை பத்து மணிக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

பெரிய நாடுகளிலும் இதே கூத்துதான். லண்டன்–நியூயார்க் மலிவுச் சேவைக்குப் பிரிட்டிஷ் விமான நிறுவன முதலாளி ஃபிரெடி லேக்கர் 1972-இலேயே பிரிட்டனில் உரிமம் வாங்கிவிட்டார். அமெரிக்கா தாமதித்தது. அதற்குள் லண்டனில் ஆட்சி மாறியது. அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குப் போட்டி கூடாதென்று 1975-இல் அமைச்சர் பீட்டர் ஷோர் குறுக்கே நின்றார். லேக்கர் வழக்குப் போட்டு வென்றார். முதல் விமானம் கிளம்பியபோது 1977 செப்டம்பர் 26.

எனவே விளம்பரத்தின் அடியில் ‘அரசு ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று எறும்பு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கல்லாவைத் திறக்காதீர்கள்.

இருக்கைக் கணக்கை மறப்பது

இரு நாட்டு ஒப்பந்தம் வாரத்துக்கு இத்தனை இருக்கை என்று கட்டிவைக்கும். துபாய்க்கு 2014-இல் பேசிய கணக்கு ஏறக்குறைய 66,000. அது நிரம்பினால் உரிமம் இருந்தும் பயனில்லை.

பழைய விதியை ஒப்பிப்பது

நம் நாட்டு விமான நிறுவனம் வெளிநாட்டுக்குப் பறக்க ஐந்து ஆண்டு அனுபவம் கேட்ட விதி 2016-இல் போய்விட்டது.

வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்தைக் காட்டி வெளிநாட்டு டிக்கெட் பேசுவது

வேண்டாம். அது சிறு விமானங்களுக்கான ஓடுதளம்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். காகிதத்தைக் கிழித்தான். முன்பணம் எழுதிய நோட்டைக் கேட்டபோது மட்டும் மேசை டிராயரை மெதுவாக மூடினான்.