எஸ் எங்கே வரும், எங்கே வராது: இங்கிலீஷ் ஒருமை பன்மை

பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம். ஆபீஸ் மெயிலில் அது நடக்காது. அங்கே ஒருமை பன்மையில் நாம் தடுமாறக் காரணம் நம் தமிழ்ப் பழக்கம்தான். 'மூணு சாவி', 'பத்து பஸ்' என்றால் நமக்குப் போதும். எண்ணே பன்மையைச் சொல்லிவிடும். இங்கிலீஷில் எண் வந்தாலும் சொல் மாறியாக வேண்டும்: 'த்ரீ கீஸ்', 'டென் பஸ்ஸஸ்'.

படி 1: எண்ணக்கூடிய சொல்லா?

சேர், டேபிள், பேக் எல்லாம் எண்ணலாம். ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் இந்த ஐந்துக்கும் எஸ் கிடையாது. பேக்கை எண்ணலாம், லக்கேஜை ஏன் எண்ணக்கூடாது என்று கேட்டால் நியாயமான பதில் கிடையாது, மனப்பாடம் செய்துவிடுங்கள். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'. இங்கே எஸ் ஏறுவது பீஸுக்கு.

படி 2: எழுத்து

பெரும்பாலான சொற்களுக்கு வெறும் எஸ். பஸ், பாக்ஸ், பெஞ்ச், டிஷ் போல ஸ், ஷ், ச் ஓசையில் முடிந்தால் இ-எஸ். சொல்லும்போதும் ஓர் அசை கூடும்: 'பெஞ்சஸ்'. ஒய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். லாரியில் ஒய்க்கு முன் ஆர், அதாவது மெய். எனவே ஒய் போய் ஐ-இ-எஸ் வரும். கீயில் முன்னால் இருப்பது இ, உயிர், வெறும் எஸ். எஃப்பில் முடிபவற்றுக்கு நம்பகமான விதி இல்லை: லீஃப் 'லீவ்ஸ்' ஆகும், ரூஃப் 'ரூஃப்ஸ்' ஆகவே இருக்கும். சந்தேகம் வந்தால் டிக்ஷனரி பாருங்கள்.

மேன் – மென், ஃபுட் – ஃபீட், சைல்ட் – சில்ட்ரன் போன்றவை விதிக்கு வெளியே. சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை. 'சில்ட்ரன்ஸ்' என்று இன்னொரு எஸ் ஒட்டாதீர்கள்.

படி 3: எண் இருந்தும் எஸ் வராத இடம்

'ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ்' சரி. ஆனால் ஐந்நூறு ரூபாய் நோட்டு என்றால் 'ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீ நோட்'. எண்ணும் சொல்லும் சேர்ந்து அடுத்த பெயர்ச்சொல்லை வர்ணித்தால் எஸ் விழுந்துவிடும். இந்த ஊர் வீட்டு ஓனர் கேட்கும் பத்து மாத அட்வான்ஸை எழுதிப் பாருங்கள்: 'எ டென் மந்த் டெபாசிட்', டென்னுக்கும் மந்த்துக்கும் நடுவே சிறு கோடு. அதையே 'டென் மந்த்ஸ் ரென்ட்' என்று எழுதினால் எஸ் உண்டு, அதன் பின்னால் மேலே ஒரு கொக்கியும் உண்டு. அது 'பத்து மாதத்தின் வாடகை'.

படி 4: 'ஒன் ஆஃப்', 'எவ்ரி'

மெயில்களில் அதிகம் தவறுவது இங்கேதான். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' தவறு. பல நண்பர்களில் ஒருவர் என்பதால் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. ஆனால் வினைச்சொல் அந்த ஒருவரைப் பார்த்தே வரும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் ஆன் லீவ்'. எவ்ரி இதற்கு நேர் எதிர். எல்லோரையும் குறித்தாலும் ஒவ்வொருவராக எண்ணுவதால் 'எவ்ரி எம்ப்ளாயீ', எஸ் இல்லை. 'ஆல்' போட்டால் 'ஆல் எம்ப்ளாயீஸ்'.

படி 5: வினைச்சொல்

நிகழ்காலத்தில் எஸ் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் நிற்கும். 'தி டிரைவர் கம்ஸ்', 'தி டிரைவர்ஸ் கம்'. இரண்டு பக்கமும் எஸ் தெரிந்தால் மறுபடி பாருங்கள். நியூஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை: 'தி நியூஸ் இஸ்'. போலீஸ் பன்மை: 'தி போலீஸ் ஆர் கமிங்'. ஒரே ஒரு போலீஸ்காரர் வந்தால் 'எ போலீஸ் ஆபீசர்' என்று எழுதுங்கள். 'எ போலீஸ்' என்று வராது.