கார்புரேட்டரும் பெட்ரோல் லைனும்: பவர் இன்ஜின் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. 650-ஐ விட 850 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற அளவு) கார்புரேட்டர் பவர் கூடுதலாகத் தரும் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. வெஞ்சுரி எனும் காற்றுப் பாதையின் குறுகலில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் எனும் சிறு துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. வெஞ்சுரி தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் காற்று மெதுவாகப் போகும், பெட்ரோல் சரியாகத் தூவாது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும், பிக்கப் போய்விடும்.

கணக்கு எளிது. இன்ஜின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் எடுத்து, உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி, 3456 ஆல் வகுத்து, காற்று நிரம்பும் திறனால் பெருக்க வேண்டும். 350 கன அங்குல இன்ஜின் 6500 ஆர்பிஎம்மில் ஓடினால் 658 வரும். 90 சதவீதத் திறனுக்கு 592. ஆகவே 600 முதல் 650 வரை போதும். உச்ச ஆர்பிஎம் என்பது உண்மையில் ஓட்டப்போகும் ஆர்பிஎம். ஆசைக்கு எழுதும் எண் அல்ல. சந்தேகம் இருந்தால் முழு திராட்டிலில், உச்ச ஆர்பிஎம்மில் மேனிஃபோல்டு வேக்கத்தை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் உள்ள உறிஞ்சு அழுத்தத்தை) அளந்து பாருங்கள். 1.5 அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டினால்தான் கார்புரேட்டர் சிறியது.

இன்னொரு பொறி: நான்கு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டரின் சிஎஃப்எம் 1.5 அங்குல அழுத்த வித்தியாசத்தில் அளக்கப்படுகிறது, இரண்டு பேரலின் எண் 3 அங்குலத்தில். 500 என்று போட்ட இரண்டு பேரல், நான்கு பேரல் கணக்கில் சுமார் 354 தான். இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள்.

செகண்டரி (அதிகக் காற்று தேவைப்படும்போது மட்டும் திறக்கும் இரண்டாம் ஜோடி பேரல்) விஷயம் சுருக்கமானது. கனமான காரும் ஆட்டோமேட்டிக் கியரும் என்றால் வேக்கத்தில் திறக்கும் செகண்டரி. எடை குறைந்த, மேனுவல் கியர் காருக்கு மெக்கானிக்கல், அதாவது ஆக்சிலரேட்டரோடு நேரடியாக இணைந்தது.

நேரத்தை அதிகம் தின்பது பெரிய கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட இன்ஜினின் ஐட்லிங். ஹாலி வகை கார்புரேட்டரில் பவர் வால்வின் (லோடு ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) மேல் 65 என்றிருந்தால், வேக்கம் 6.5 அங்குலத்துக்கு இறங்கும்போது அது திறக்கும். பெரிய கேமில் ஐட்லிங் வேக்கமே 7 அங்குலம் அளவில் ஆடிக்கொண்டிருந்தால் வால்வு திறந்து மூடியபடியே இருக்கும். கரும்புகை வரும், பிளக் கறுத்துப்போகும். ஐட்லிங் வேக்கத்தில் ஏறக்குறைய பாதியில் திறக்கும் வால்வு வேண்டும், இங்கே 35. ஆட்டோமேட்டிக்கில் கியர் போட்ட நிலையில் அளக்கவும். வால்வே வேண்டாம் என்று அடைத்துவிடுவது மோசமான வழி. முழு லோடுக்காக மெயின் ஜெட்டை 6 முதல் 10 எண் வரை ஏற்ற வேண்டிவரும், சாதாரண ஓட்டத்திலும் கலவை ரிச் ஆகிவிடும் (பெட்ரோல் அதிகமாகும்).

அதே இன்ஜினில் ஐட்லிங் நிற்க வைக்க பிரைமரி திராட்டிலை அதிகம் திறந்தால் ஐட்லிங்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது பெட்ரோல் விடும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் வெளியே தெரியும். பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகினாலும் மாற்றம் இருக்காது. தகட்டுக்குக் கீழே ஸ்லாட் சதுரமாக, அதாவது 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை தெரிந்தால் போதும். மீதிக் காற்றை செகண்டரி ஸ்டாப் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து கொடுங்கள்.

பெட்ரோல் சப்ளையில் அழுத்தத்தையும் அளவையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். ஹாலி வகைக்கு 6 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு அழுத்தம்), வெபர் டிசிஓஇ வகை கார்புரேட்டருக்கு 3 அருகில் போதும். அதற்கு மேல் போனால், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி வால்வு இருக்கையை விட்டு எழும்பி, ஓவர்ஃப்ளோ ஆகும். அளவு வேறு கணக்கு: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு. 450 குதிரைத்திறனுக்கு 225 பவுண்டு, அதாவது சுமார் 140 லிட்டர், நிமிடத்துக்கு 2.3 லிட்டர். பம்ப் மீதுள்ள எண் பெரும்பாலும் எதிர் அழுத்தம் இல்லாமல் அளந்தது, எனவே 25 சதவீதமாவது மிச்சம் வையுங்கள். நின்ற இடத்தில் கேஜ் 6.5 காட்டுவதை நம்பக் கூடாது. டாப் கியரில் முழு மிதியில் 5-க்குக் கீழே இறங்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் பவுல் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்: முதல் சில விநாடிகள் நன்றாக இழுத்து, பிறகு லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), பிஸ்டனையே உருக்கிவிடும்.

எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மந்தம். டேங்குக்கு அருகே, அதன் மட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள். மின்சாரம் ரிலே வழியாகத் தடிமனான வயரில் வரட்டும்; வோல்டேஜ் குறைந்தால் அளவும் குறையும். விபத்தில் பம்பை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். லைன் 3/8 அங்குலம். டேங்க் வென்ட் (காற்றுத் துளை) அடைத்திருந்தால் இத்தனையும் வீண். எத்தனால் கலந்த எரிபொருள் என்றால் அதற்கேற்ற ஹோஸ் வேண்டும். 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85-க்கு 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை என்பதால் ஜெட், ஊசி வால்வு, பம்ப் எல்லாமே மாறும்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் பெட்ரோல் அழுத்தத்தை நிலைநிறுத்தி, ஃப்ளோட் மட்டத்தை (பவுலில் பெட்ரோல் நிற்கும் உயரத்தை) சரிபாருங்கள். அழுத்தம் மாறினால் மட்டமும் மாறும். பிறகு ஐட்லிங், கடைசியில்தான் மெயின் ஜெட். முழு திராட்டிலில் பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 வரையான காற்று-எரிபொருள் விகிதம் குறி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், இரண்டு ஜெட் எண்ணுக்கு மேல் தாண்ட வேண்டாம்.